சூராவில் இமாம் நவவியைப் பற்றி 15 நிமிடம் பேசுவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சூராவில் (சிறிய தொழுகைக் கூடம்) பிள்ளைகளுக்கு 13-ஆம் நூற்றாண்டு இஸ்லாமிய அறிஞர் இமாம் நவவியைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்களா? பிறந்த வருடத்தில் தொடங்காதீர்கள், பின்வரிசை தூங்கிவிடும். கடையில் தொடங்குங்கள். சிரியாவில் நவா என்ற ஊரில் அப்பா கடையில் உட்கார வைத்தால், பையன் வியாபாரத்தை விட்டுவிட்டுக் குர்ஆனிலேயே மூழ்கிக் கிடப்பானாம்; அப்பாவோடு மளிகைக்கடைக் கல்லாவில் உட்காரும் நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

அப்புறம் டமாஸ்கஸில் படிப்பு, ஒரு நாளைக்கு 12 பாடம். அந்த ஊர்ப் பழத்தை அவர் தொடமாட்டார், வக்ஃபு (அறக்கொடை) நிலத்துக் கணக்கு சரியாக இருக்குமா என்ற சந்தேகம். இந்த இடத்தில் ஒரு ரம்புத்தானைக் கையில் எடுத்துக் காட்டி, உரிக்காமலே கீழே வையுங்கள், எல்லார் கண்ணும் அதிலேயே இருக்கும். அப்போது எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் பைபர்ஸுக்கே கண்டித்துக் கடிதம் எழுதியதை விட்டுவிடாதீர்கள்.

நூல் பட்டியல் வேண்டாம். நபிமொழித் தொகுப்பான 'நாற்பது ஹதீஸ்' போதும், உண்மையில் அதில் இருப்பது 42 என்றால் எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவர்கள் இருந்தால் மட்டும் 'மின்ஹாஜ்', நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று) முக்கியமான சட்ட நூல். 1277-இல் சொந்த ஊரிலேயே இறந்தார், வயது நாற்பத்துச் சொச்சம்தான். சரி, மிலோ ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள்.