சிங்கப்பூரில் மருத்துவம்: பால்புதுமையினராக இங்கு வந்து சேரும் தமிழர்களுக்கு

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களுமாக ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது யார் மூலமாகவோ என் எண்ணைப் பிடித்து அழைக்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணா, இங்கே நம்மைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா?” போட மாட்டார்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியது; 2023 ஜனவரி 3 முதல் அது நடைமுறையில் இல்லை. இதைக் கேட்டதும் நிம்மதியாகிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். “மருத்துவச் செலவுக்கு என்ன வழி?” என்ற கேள்வி, உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகுதான் வருகிறது.

இங்கே மருத்துவமனைப் பதிவு முகப்பில் முதலில் கேட்பது உங்கள் அடையாள அட்டையை, அல்லது வேலை அனுமதி அட்டையை. கட்டணத்தைத் தீர்மானிப்பதும் அதுவே. பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்; இங்கே மருந்தகம் என்றால் கிளினிக்) அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கும் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதியும் (காப்பீடு) அப்படியே. மற்றவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

உடலுழைப்பு, நடுத்தரத் திறன் வேலைகளுக்கான ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும்தான் அது. இவர்களில் விடுதிகளில் தங்குவோருக்கும் கட்டுமான, கப்பல் பட்டறை ஊழியர்களுக்கும் தனி அடிப்படை மருத்துவத் திட்டம் 2022இல் வந்தது. அதன் மருத்துவ நிலையத்துக்குப் போனால் கையிலிருந்து 5 வெள்ளி கொடுத்தால் போதும். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வருபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறவர்கள். சம்பளம் அதிகம், ஆனால் அவர்களுக்குக் காப்புறுதி எடுக்கச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல நிறுவனங்கள் எடுத்துத் தருகின்றன. கையெழுத்திடும் முன் வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். வீட்டு வாடகையைப் பேரம் பேசுவதில் காட்டும் கெட்டிக்காரத்தனத்தில் பாதியை இதில் காட்டினாலும் போதும்.

நிறுவனக் காப்புறுதியில் ‘குடும்பத்தினர்’ என்றால் சட்டப்படி மணந்தவரும் பிள்ளைகளும். 377ஏ நீங்கிய அதே வேளையில், திருமணத்தின் ஆண்–பெண் வரையறையை வழக்குத் தொடுத்து மாற்ற முடியாதபடி அரசியலமைப்பும் திருத்தப்பட்டது. அதனால் வேறு நாட்டில் மணந்துகொண்டு வந்தாலும் இணையருக்குச் சார்ந்திருப்போர் அனுமதி கிடைக்காது. அவரும் சொந்தமாக வேலை தேடிக்கொண்டுதான் வர வேண்டும்.

நான் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த மருந்தகத்துக்கே ஒரு பால்வினை நோய்ப் பரிசோதனைக்குப் போனேன். காசு மிச்சம் என்று நினைத்தேன். பரிசோதனையின் பெயர் அச்சிடப்பட்ட ரசீது அலுவலகத்துக்குப் போனது. மனிதவளப் பிரிவில் இருந்த பெண்மணி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஒரு மாதம் என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சளி, காய்ச்சல், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) என்றால் நிறுவன மருந்தகத்துக்குப் போங்கள். மற்றவற்றுக்குச் சொந்தக் காசைப் போடுங்கள்.

சொந்தக் காசில் எங்கே போவது? கிளந்தான் லேனுக்கு. ஜாலான் புசார் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிட்டுவிட்டும் நடந்தே போய்விடலாம். பால்வினை நோய்களுக்கான அரசு மருந்தகம் அங்கேதான் இருக்கிறது. 1988 முதல் இயங்கும் ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு பெயர் கேட்காமல் எச்ஐவி பரிசோதனை செய்யும் இடமும் அதே தெருவில். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பிரெப் மாத்திரை பற்றியும் அங்கே கூச்சமில்லாமல் கேட்கலாம்.

எச்ஐவி விஷயத்தில் இந்த நாட்டுக்கு இரண்டு முகம். குறுகிய காலம் வந்துபோகும் வெளிநாட்டவருக்கு இருந்த தடை 2015இல் விலகியது. ஆனால் ஒர்க் பெர்மிட் மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி சோதனையும் உண்டு. தொற்று இருந்தால் அனுமதி கிடைக்காது. கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய பிறகு இங்கே வந்து இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. ஊரிலேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். இங்குள்ள குடிமக்களுக்கே அந்த மருந்துகளுக்கான மானியம் 2020 செப்டம்பரில்தான் வந்தது. உறவுக்கு முன் இணையரிடம் தொற்றைச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம்; தொடர் சிகிச்சையால் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவர்களுக்கு 2024ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது.

திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் இங்கே ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது. 1971இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இந்நாட்டின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் பேராசிரியர் எஸ். ஷான் ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். ஆனால் அந்தப் பெருமை உங்கள் ரசீதைக் குறைக்காது. சென்னை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கும் அறுவை சிகிச்சையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஹார்மோன் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு வாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத மருந்து வரை கொண்டுவரலாம். சில தூக்க மாத்திரைகள், வலி மாத்திரைகள் போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும்.

மனம் தளரும்போது பேச ஊகாசாகா என்ற ஆலோசனை அமைப்பு 1999 முதல் இருக்கிறது. உயிரை விடத் தோன்றும் இரவில் 1767ஐ எந்த நேரமும் அழைக்கலாம். ஹோங் லிம் பூங்காவில் பால்புதுமையினருக்கு ஆதரவாக நடக்கும் பிங்க் டாட் ஒன்றுகூடலுக்கு மட்டும் ஆர்வக் கோளாறில் போய்விடாதீர்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதவர்கள் அதில் கலந்துகொள்வது குற்றம்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் இணையருக்கு இரவு ஒரு மணிக்கு அவசர அறுவை சிகிச்சை. படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதினேன். தாதி கனிவாகத்தான் கேட்டார்: “குடும்பத்தார் யாரும் இல்லையா?” அவருடைய அண்ணன் புதுக்கோட்டையில் தூங்கிக்கொண்டிருந்தார், எங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் நிரந்தரவாசி, என் மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு) கணக்கில் பணமும் இருந்தது. ஆனால் இணையருக்காக அதிலிருந்து ஒரு வெள்ளிகூட எடுக்க முடியாது. மணந்தவர், பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என்று பட்டியல் அங்கேயே நின்றுவிடுகிறது.

அவர் பிழைத்து எழுந்ததும் இரண்டு காரியம் செய்தோம். நினைவு தப்பினால் நமக்காக முடிவெடுப்பவரை நியமிக்கும் அதிகாரப் பத்திரம் ஒன்று. 21 வயது நிரம்பிய யாரையும் அதில் நியமிக்கலாம், இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை, வெளிநாட்டவரும் எழுதலாம். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். மற்றொன்று முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம். நம் சார்பில் மருத்துவரிடம் பேசுபவர் யார் என்று அதில் சொல்லிவைக்கலாம். இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே செய்யக்கூடியவை. சோம்பலில் நாங்கள் ஒன்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டோம்.