பறவைக் குளத்தைத் தொட்டியாக்காதீர்கள்

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியே வருகிறது. இந்தக் குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இப்படி ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் குளங்களில், நல்லது செய்கிறோம் என்று இறங்கியே பறவைகளை விரட்டிவிடுகிறோம்.

பெரிய தவறு, தூர்வாருகிறேன் என்று குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டுவது. மஞ்சள்மூக்கு நாரை மேய்வதை ஐந்து நிமிடம் பாருங்கள். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியுமாக அலசிக்கொண்டே நடக்கும். கண்ணால் தேடுவதில்லை. அலகில் மீன் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். கால் ஊன்ற முடியாத ஆழத்தில் இந்த வித்தை பலிக்காது. உள்ளானுக்கு அவ்வளவு தண்ணீர்கூட வேண்டாம், ஈரச் சேறு போதும். கூழைக்கடா, நீர்க்காகம், முக்குளிப்பான் போன்றவைதான் ஆழத்தில் சமாளிக்கும். மடைப் பக்கம் ஆழமாக இருக்கட்டும், தண்ணீர் வரும் பக்கம் சரிவாகவே கிடக்கட்டும். கோடையில் குளம் சுருங்கினால் பதறவும் வேண்டாம். மீனெல்லாம் மிச்சத் தண்ணீரில் ஒதுங்கும் அந்த நாட்கள்தான் நாரைக்கு விருந்து.

தோண்டிய மண்ணில் நடுவே திட்டுப் போடுவது சரி. அதில் அழகுக்காகக் குல்மோகர் வைப்பதுதான் வீண். கூட்டைத் தாங்க நாட்டுக் கருவேலத்தின் முள்கிளை வேண்டும். வேடந்தாங்கலில் அந்த வேலையைத் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு செய்கிறது. சீமைக்கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாற்று மரம் வளரும் முன்பே ஒரேயடியாக வெட்டினால் கூடு கட்ட இடமிருக்காது.

அப்புறம் நாம், கேமராவோடு போகிறவர்கள். கூந்தன்குளத்தில் வீட்டோர மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். ஊர்க்காரர்களுக்குப் பழகிய பறவை நமக்கும் பழகியது என்று நினைத்து மரத்தடிக்கே போய்விடுகிறோம். வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குடைபோல நின்றுதான் குஞ்சுகளுக்கு நிழல் தரும். நாம் போனதும் அது பறந்துவிட்டால் குஞ்சு வெயிலில் காயும். பக்கத்துக் கிளையில் காக்கை வேறு காத்திருக்கும்.

‘எல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தவை’ என்று சொல்லித்தருவதும் தவறுதான். பட்டைத்தலை வாத்து மத்திய ஆசியாவிலிருந்து வருவது உண்மை. மஞ்சள்மூக்கு நாரையோ நம்மூர்ப் பறவை, இங்கேதான் குஞ்சு பொரிக்கிறது. ‘சீசன் முடிஞ்சுது, விருந்தாளிகள் போயாச்சு’ என்று கோடையில் ஜேசிபியை இறக்கும்போது, கூட்டில் இன்னும் பறக்கப் பழகாத குஞ்சுகள் இருக்கலாம்.