வாடகை மாறினால் எத்தனை பக்கங்களைத் திருத்துவீர்கள்? இணையதள உள்ளடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இன்று சின்ன விடுதி, பள்ளி, மருத்துவ ஆய்வகம், பயிற்சி மையம் என்று எல்லோரும் இணையதளம் வைத்திருக்கிறார்கள். என் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ்ஸில் அமைந்தவை. இணையதளத்தை அமைக்கவும் அதில் எழுதி வெளியிடவும் உதவும் இந்த மென்பொருள் 2003 மே மாதம் வெளியானது, இலவசம். உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில்தான் நடக்கின்றன. 2001இல் வந்த ட்ரூபல், 2005இல் வந்த ஜூம்லா ஆகியவையும் இதே வேலையைச் செய்பவைதான். நிரல் எழுதத் தெரியாதவரும் தட்டச்சு செய்து, படம் சேர்த்து, ஒரு பொத்தானை அழுத்தி வெளியிட்டுவிடலாம்.

தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. எழுதுவது எளிதாகிவிட்டதால், எதை எங்கே வைப்பது என்று யோசிப்பதை விட்டுவிடுகிறோம். ஓராண்டு கழித்துத் தளத்தைத் திறந்தால் பழைய கட்டணம், முடிந்துபோன விழா, வேலையை விட்டுப் போனவரின் செல்பேசி எண் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அப்போது ‘தீம்’ எனப்படும் தோற்ற வடிவமைப்பை மாற்றுவது, மென்பொருளையே மாற்றுவது என்று பணம் செலவழிக்கிறார்கள். மாற வேண்டியது உள்ளே தகவலை அடுக்கி வைத்திருக்கும் முறை.

ஒரே விலை, ஆறு இடம்

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு சிறு விடுதி என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை முகப்பில் இருக்கிறது. ‘அறைகள்’ பக்கத்தில் இருக்கிறது. பிரெஞ்சு விருந்தினருக்கான பக்கத்தில், கேள்வி பதில் பகுதியில், போன பொங்கலுக்குப் போட்ட சலுகைப் பதிவில் என்று மேலும் மூன்று இடங்களில் இருக்கிறது. போதாக்குறைக்கு, வண்ணமயமாக வடிவமைத்த ஒரு சுவரொட்டிப் படத்துக்குள்ளும் இருக்கிறது.

புத்தாண்டுக் கூட்டத்தை எதிர்பார்த்து டிசம்பரில் வாடகையை உயர்த்துகிறார்கள். முகப்பும் அறைகள் பக்கமும் திருத்தப்படுகின்றன. மற்ற நான்கு இடங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. வரவேற்பு மேசையில் விருந்தினர் கைபேசியை நீட்டி, “சார், உங்கள் தளத்திலேயே இரண்டாயிரத்து ஐந்நூறு என்றுதானே போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்கிறார். “அது பழைய விலை மேடம், மாற்ற விட்டுப்போயிற்று” என்று மேலாளர் சொல்வது உண்மைதான். ஆனால் குடும்பத்தோடு வந்து இறங்கியவருக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் படும். அப்படிப் படுவதில் குற்றமும் இல்லை.

மாறக்கூடிய எந்தத் தகவலையும் ஓரிடத்தில் மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அதையே வரவழைக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் ‘சிங்க்டு பேட்டர்ன்’ என்றொரு வசதி இருக்கிறது. 2023 வரை ‘ரீயூசபிள் பிளாக்’ என்ற பெயரில் இருந்தது. கட்டணப் பட்டியலை அதில் ஒரு முறை எழுதிவைத்து, வேண்டிய பக்கங்களில் எல்லாம் பதித்துக்கொள்ளலாம். மூலத்தைத் திருத்தினால் எல்லாப் பக்கங்களிலும் மாறிவிடும். அறைகளோ பாடப்பிரிவுகளோ பல இருந்தால் இதற்கும் ஒரு படி மேலே போக வேண்டும். ‘அறை’ என்பதையே தனி உள்ளடக்க வகையாக வைத்து, வாடகை, படுக்கை, ஏசி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புலம், அதாவது அந்தத் தகவலை மட்டும் நிரப்பும் பெட்டி, அமைக்க வேண்டும். ட்ரூபலில் இது அடிப்படையிலேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்த்தால் போதும்.

இதை முடிவு செய்யக் கணினி தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் தளத்தில் என்னென்ன இருக்கப்போகின்றன என்று எழுதுங்கள்: அறை, அறிவிப்பு, நிகழ்ச்சி, பணியாளர், கேள்வி. ஒவ்வொன்றின் எதிரேயும் எது அடிக்கடி மாறும், அதை மாற்றப்போவது யார் என்று எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் தீம் தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள். நிறமும் முகப்புப் படமும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியவை. முந்நூறு பதிவுகள் சேர்ந்த பிறகு உள்ளடக்க வகையை மாற்றுவது வீட்டில் ஆள் இருக்கும்போதே அஸ்திவாரத்தைத் தோண்டுவதற்குச் சமம்.

தொலைபேசி எண்ணுக்கும் இதே விதி. 0413இல் தொடங்கும் தரைவழி எண் ஒரு பக்கத்திலும், பழைய மேலாளரின் செல்பேசி எண் இன்னொரு பக்கத்திலும் இருக்கும் தளங்கள் ஏராளம். எண் அடிப்பகுதியில் ஒன்று, தொடர்பு பக்கத்தில் ஒன்று, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து. அதற்கு மேல் எங்கும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

பதிவுக்கும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளோடு சேர்ந்து பழசாகும் செய்தி பதிவு. என்றைக்கும் இருக்க வேண்டியது பக்கம். கட்டணத்தைப் பதிவாகப் போட்டால் அடுத்த ஐந்து செய்திகளில் கீழே போய்விடும். அறிவிப்புகளைப் பக்கங்களாகப் போட்டால் மெனு நீண்டுகொண்டே போகும்.

ஒரே ஊருக்கு நான்கு குறிச்சொல்

பாண்டிச்சேரி என்ற அதிகாரப்பூர்வப் பெயர் 2006இல் புதுச்சேரி ஆனது. மக்கள் வழக்கில் பாண்டிச்சேரியும் இருக்கிறது, பாண்டியும் இருக்கிறது, எழுத்தில் புதுவையும் இருக்கிறது. கட்டுரைக்குள் எந்தப் பெயரையும் எழுதலாம். தேடி வருபவருக்கு அது உதவியும் செய்யும். ஆனால் பதிவுகளை வகைப்படுத்த ஒட்டும் குறிச்சொல்லில் (டேக்) அந்தச் சுதந்திரம் கூடாது. மூன்று பேர் பதிவேற்றும் தளத்தில் ஒருவர் ‘புதுவை’ என்றும், ஒருவர் ‘பாண்டி’ என்றும், ஒருவர் ‘புதுச்சேரி’ என்றும் குறிச்சொல் போட்டால், மென்பொருளுக்கு அவை மூன்று வெவ்வேறு ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் பக்கம் உருவாகும். எதைச் சொடுக்கினாலும் வாசகருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்றும் எழுதுவதால் அங்கேயும் இதே கதைதான்.

பிரிவுகள் ஏழெட்டுக்குள் இருக்கட்டும். குறிச்சொற்களுக்கு ஓர் அனுமதிப் பட்டியல் எழுதிவைத்து, புதிதாக ஒன்றைச் சேர்க்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். ஒரே ஒரு பதிவு மட்டும் உள்ள குறிச்சொல்லால் யாருக்கும் பயன் இல்லை, நீக்கிவிடலாம்.

தமிழ் எழுத்தில் ஒளிந்திருக்கும் கோளாறுகள்

ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது. அதனாலேயே நம்மவர் தளங்களில் இவை பல ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடக்கின்றன.

முதலாவது, அச்சகத்திலிருந்து வரும் உரை. துண்டறிக்கைக்காகப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியாகப் பதிவாகியிருக்கும். அதனால் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளிகள் சிதறிய ஒரு குவியல்தான் திரையில் தெரியும். அதைச் சரிசெய்வதாக நினைத்து, அந்த எழுத்துருவையே தளத்தில் ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கூகுளுக்கு அது தமிழே அல்ல. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும். ஒட்டுவதற்கு முன் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பழைய குறியீட்டில் வெளியிடக் காரணமே இல்லை.

இரண்டாவது, ஔகாரம். நம் பகுதியிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்கு வேன் விடும் ஒரு பயண நிறுவனம் ‘பௌர்ணமி’ பற்றிப் பக்கம் எழுதுகிறது. பலர் அந்தப் ‘பௌ’வை, ‘பெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்து உருவாக்குகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தளத்தின் தேடல் பெட்டியில் ஒருவர் சரியாகத் தட்டச்சு செய்து தேடினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வரும். சோதிப்பது எளிது. ‘பௌ’வுக்குப் பின் கர்சரை வைத்து ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். ‘ப’ மட்டும் மிஞ்சினால் சரி. ‘பெ’ மிஞ்சினால் தவறாக அடித்திருக்கிறார்கள். கௌரவம், மௌனம், சௌகரியம் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, பக்கத்தின் முகவரி. தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியின் கடைசிப் பகுதியையும் தமிழிலேயே அமைக்கும். உள்ளே அது சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக மாற்றப்படுகிறது. ‘புதுச்சேரி’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்துக் குறியீடு. முகவரியில் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது இடத்தைப் பிடிக்கும். ஆக ஒரு சொல்லுக்கே 90. வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு ஒதுக்குவது மொத்தம் 200தான். எனவே தமிழ்த் தலைப்பு இரண்டு மூன்று சொல்லிலேயே பாதியில் வெட்டுப்படுகிறது. பல செயலிகளில் அந்த இணைப்பைப் பகிர்ந்தால் நான்கு வரிக் குப்பையாகத் தெரிகிறது. தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரிப் பகுதியை மட்டும் வெளியிடும் முன் கையால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அடித்துவிடுங்கள்.

தமிழ்த் தளத்தின் மொழி அமைப்பு ஆங்கிலமாகவே விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் வேண்டுமென்றால் ஒரே பக்கத்தில் பத்திக்குப் பத்தி கலக்காதீர்கள். மூன்று தனிப் பக்கங்களாக வைத்து ஒன்றோடொன்று இணையுங்கள். தானியங்கி மொழிபெயர்ப்பை, அந்த மொழி தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்க்காமல் வெளியிடவே கூடாது.

படங்கள்

சுவரொட்டியைப் படமாக ஏற்றிவிட்டு அதுவே அறிவிப்பு என்று இருந்துவிடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் தேதியைத் தளத்தின் தேடலால் எடுக்க முடியாது. படம் இருக்கட்டும், அதன் கீழே அதே செய்தி உரையாகவும் இருக்கட்டும். கைபேசிப் படத்தை அளவு குறைக்காமல் ஏற்றுவது இன்னொரு தவறு. 2019 முதல் வேர்ட்பிரஸ் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்துக்குச் சிறிய நகலைத் தானே உருவாக்குகிறது. ஆனால் மூலப் படமும் சர்வரில் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். படத்தைப் பார்க்க முடியாதவருக்காகச் சேர்க்கும் மாற்று உரையில் ‘படம் 1’ என்று எழுதாமல், படத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

வெளியிடும் நேரத்தில்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் பெற்றோர் பள்ளியின் தளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ‘நாளை விடுமுறை’ என்று மட்டும் போடுவதைப் போன்ற தீங்கு வேறில்லை. எந்த நாளை? நேற்று போட்டதா, இன்று போட்டதா? கிழமையும் தேதியும் அறிவிப்பின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். தேதி முடிந்ததும் அறிவிப்பை முகப்பிலிருந்து இறக்க ஓர் ஆள் வேண்டும்.

நேரம் குறித்து வெளியிடும் வசதியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. தளத்தின் நேர மண்டலம் உலக நேரத்திலேயே விடப்பட்டிருந்தால், காலை 6 மணிக்கு என்று குறித்த அறிவிப்பு நம் நேரப்படி 11.30க்குத்தான் வெளியாகும். பொது அமைப்புகளில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மற்றொன்றைப் பலர் அறிவதில்லை: வழக்கமான அமைப்பில் வேர்ட்பிரஸ் தன் கடிகாரத்தைப் பார்ப்பதே யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான். இரவு முழுக்க யாரும் வராத சிறிய தளத்தில் குறித்த நேரம் கடந்தும் பதிவு அப்படியே நிற்கும். அவசர அறிவிப்பை நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

எல்லோருக்கும் நிர்வாகி உரிமை கொடுப்பதும், ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிர்வதும் பரவலான பழக்கம். பங்களிப்பாளர் என்ற நிலையில் இருப்பவர் எழுதலாம், வெளியிட முடியாது. ஆசிரியர் (ஆத்தர்) நிலையில் இருப்பவர் தன் பதிவுகளை மட்டும் வெளியிடலாம். தொகுப்பாளர் எல்லாவற்றையும் பார்த்துத் திருத்தலாம். பங்களிப்பாளரால் படம் ஏற்ற முடியாது என்பது உண்மையிலேயே தொந்தரவுதான். அதற்காக அவரை நிர்வாகியாக்க வேண்டியதில்லை. படத்தைத் தொகுப்பாளர் ஏற்றலாம்.

தளம் கட்டும் காலத்தில் ‘தேடுபொறிகள் வர வேண்டாம்’ என்ற பெட்டியை டிக் செய்திருப்பார்கள். திறப்பு விழாவுக்குப் பின் அதை எடுக்க மறந்துவிட்டு, கூகுளில் ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசிப்பு அமைப்புகளில் பாருங்கள்.

முகவரியை மாற்றும்போதும் கவனம் தேவை. பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். பக்கங்களுக்கு அப்படிச் செய்யும் என்று நம்ப வேண்டாம். மேசை அட்டையிலும் முகவரி அட்டையிலும் அச்சடித்த க்யூஆர் குறியீடு பெரும்பாலும் பக்கத்துக்குத்தான் போகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் நிரந்தரத் திருப்புதலை நீங்களே அமைத்து, அந்தப் பழைய அட்டையை ஸ்கேன் செய்து பாருங்கள்.

காப்பு நகலை அதே சர்வரில் வைக்காதீர்கள். சர்வர் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். கடைசியாக டொமைன். பல சிறு நிறுவனங்களின் இணையப் பெயர், தளத்தை வடிவமைத்தவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அவர் வேறு ஊருக்குப் போனாலோ புதுப்பிக்க மறந்தாலோ உங்கள் பெயர் உங்கள் கையில் இல்லை. பதிவுக் கணக்கை நிறுவனத்தின் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றித் தரும்படி இந்த வாரமே கேளுங்கள். நேர்மையான வடிவமைப்பாளர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.