ஒற்றர் குறிமொழியின் மூலத்தைத் தேடுவது எப்படி?

திரைப்படத்தில் கேட்ட குறிமொழியின் மூலத்தைத் தேடுபவர், முதலில் அதன் அசல் மொழிச் சொற்களை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பை வைத்துத் தேடினால் வழி தவறும். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் தரையிறங்குவதற்கு முன்னர், 1944 ஜூன் 5 இரவு பிபிசி வானொலி குறிமொழியாக ஒலிபரப்பிய கவிதை வரியைப் பார்ப்போம். அதை இயற்றிய பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் 1866ஆம் ஆண்டு நூலில் அவ்வரியின் வினைச்சொல்லாக அச்சாகியிருப்பது ‘பிளெஸ்’, அதாவது ‘காயப்படுத்துகின்றன’. 1941இல் அக்கவிதையைப் பாடிய பிரெஞ்சுப் பாடகர் ஷார்ல் த்ரெனே அதை ‘பெர்ஸ்’, அதாவது ‘தாலாட்டுகின்றன’, என்று மாற்றினார். ஆகவே, அவ்வரியை மேற்கோளாக எழுதியவர் நூலைப் பார்த்தாரா, பாட்டைக் கேட்டாரா என்பதை அந்த ஒரு சொல்லே (ஒற்றரைப் போலவே) காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, சம்பவ காலத்து ஆவணத்தை நாட வேண்டும். அந்த ஒலிபரப்பை ஒட்டுக்கேட்ட ஜெர்மானிய 15ஆம் படையின் போர் நாட்குறிப்பு இதற்கு உதவும். செய்தி யாருக்கானது என்பதையும் சரிபார்க்க வேண்டும்: ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கம் முழுமைக்குமான அழைப்பாகச் சொல்லப்படும் இவ்வரி, உண்மையில் ஒரேயொரு நாசவேலைக் குழுவுக்கே உரியது.