பேட்டரிக்கு வாழைப்பழம் வைத்தியமல்ல

நம்ம டெல்டாப் பக்கம் மீன்முள் தொண்டையில் சிக்கினால் ஒரே வைத்தியம்தான், சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வது. முள்ளுக்கே அது நல்லதில்லை. அதே பழக்கத்தில் இரண்டு வயதுப் பிள்ளை பேட்டரியை விழுங்கினாலும் வாழைப்பழத்தைத் திணிக்கிறார்கள்.

வேளாங்கண்ணி திருவிழாக் கடையில் மினுக்மினுக்கென்று எரிகிற பொம்மை வாங்கித் தருகிறோமே, அதற்குள் இருப்பது பித்தான் மாதிரி ஒரு பேட்டரி. "காசு மாதிரிதானே, காலையில் வெளியே வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்திலேயே சுண்ணாம்பு மாதிரி ஒரு காரம் உண்டாகிச் சதையை அரிக்கும். ஆழமாக வெந்துபோக 2 மணி நேரம் போதும், திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறினால் தஞ்சாவூர் போய் இறங்குவதற்குள் முடிந்துவிடும். தீர்ந்த பேட்டரிதானே என்றும் இருந்துவிடாதீர்கள், அதில் மிச்சமிருக்கும் மின்சாரமே போதும். காசா பேட்டரியா என்று எக்ஸ்ரேதான் சொல்லும். விழுங்கி 12 மணி நேரத்திற்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருதரம் 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தரம் வரை. அதற்காகத் தேன் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம்.

அப்புறம் ஆசிட். கக்கூஸ் கழுவ வாங்கியதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது முதல் தவறு, பிள்ளை குடித்ததும் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது அதைவிடப் பெரிய தவறு. இறங்கும்போது ஒருமுறை வெந்த குழாய் ஏறும்போது இன்னொருமுறை வேகும். அப்பாயியின் வெற்றிலைச் சுண்ணாம்பை அள்ளித் தின்றதற்கு எலுமிச்சைச் சாறு ஊற்றுவதும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து அல்லது துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-க்கு அடியுங்கள். வாயில் புண் இல்லை, அதனால் உள்ளேயும் ஒன்றுமில்லை என்று நீங்களாக முடிவு கட்டக் கூடாது. எச்சில் ஒழுகினாலோ குரல் கம்மினாலோ மூச்சு இரைந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

சரி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாயிற்று, பிள்ளையும் ஓடி விளையாடுகிறது. மூன்று வாரம் கழித்துக் கஞ்சி இறங்கும், இட்லி இறங்காது. அடம் பிடிக்கிறது என்று முதுகில் ஒன்று வைப்பார்கள். ஆறின தழும்பு சுருங்கிக் குழாய் குறுகியிருக்கலாம். அதை விரித்துவிட முடியும், ஆனால் பெரும்பாலும் பலமுறை போக வேண்டியிருக்கும். நடவு, அறுப்பு என்று நடுவில் விட்டுவிட்டால் திரும்பவும் குறுகிவிடும்.