ஆர்டி 350: இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்க வீட்டிலேயே செய்யும் வேலை

நாம் ஆர்டி 350 என்று கூப்பிடுவது எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த ராஜ்தூத் 350 பைக்கை. இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டி. சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது), அதற்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூட மேலும் கீழும் நகரும் ஒரு ஸ்லைடு. ஆக்சிலரேட்டரைத் திருகினால் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். கரைவலை இழுக்கும்போது ஒரு கயிற்றுக்காரர்கள் மட்டும் முந்தினால் வலை கோணிக்கொள்ளும் இல்லையா, அதே கதைதான் இங்கும். ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் மெல்ல ஓடுவது, தடுமாறும், கைப்பிடி அதிரும், ஒரு சிலிண்டர் மற்றதைவிடச் சூடாகும்.

தொண்டி முதல் தனுஷ்கோடி வரை நம் கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலும் கெடுவது கார்புரேட்டர் அல்ல, கேபிள். உப்புக்காற்று உறைக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கேபிளை எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன், எஞ்சினை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி சட்டென்று விடுங்கள். 'டக்' என்று இரண்டு ஸ்லைடும் விழும் சத்தம் கேட்க வேண்டும். மெதுவாக இறங்கினால் கேபிளைக் கழற்றி, மேல் முனையில் பிளாஸ்டிக் கவரைப் புனல்போலக் கட்டி, மெல்லிய எண்ணெய் ஊற்றி, அடி முனையில் சொட்டும்வரை தொங்கவிடுங்கள். உள்கம்பியின் நூல் பிரிந்திருந்தால் புது கேபிள்தான், வேறு வழியில்லை.

பிளக், பாயின்ட், டைமிங் எல்லாம் முன்பே சரியாக இருக்க வேண்டும். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால் அதை மாற்றியபிறகு வாருங்கள்.

இனி வேலை. ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றினால் ஸ்லைடு கண்ணுக்குத் தெரியும். இதைக் கச்சான் காற்று அடிக்கும் நாளில் வெட்டவெளியில் செய்யாதீர்கள். திறந்த வாய்க்குள் போகும் மணல் சிலிண்டரைக் கீறிவிடும். சுவர் மறைவில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

இரண்டு கார்புரேட்டரிலும், ஸ்லைடு முழுக்க இறங்காமல் தாங்கி ஐடிலிங்கை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவை ஸ்லைடைத் தொடாத அளவுக்குப் பின்வாங்குங்கள். ஸ்லைடுகள் அடிவரை இறங்கிவிடும். இப்போது ஒரே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, முனையை அரத்தால் மழுங்கச் செய்து, ஆளுக்கொன்றாக ஸ்லைடுக்கு அடியில் செருகுங்கள். நடுவில் ஊசி இருக்கும், அதை இடிக்காமல் ஓரமாக, இரண்டிலும் ஒரே பக்கமாகச் செருக வேண்டும். வெளியே நீண்டிருக்கும் முனை தொய்யாமல், கம்பியை ஸ்லைடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

ஆக்சிலரேட்டரை மிக மெதுவாகத் திருகுங்கள். எந்தக் கம்பி முதலில் தொய்கிறதோ அந்த ஸ்லைடு முந்துகிறது. கார்புரேட்டர் தலையில் ரப்பர் மூடியைத் தூக்கினால் கேபிள் அட்ஜஸ்டர் இருக்கும். முந்துகிற பக்கத்தில் கேபிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இரண்டும் ஒரே நொடியில் தொய்யும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை இங்கேதான் தேவை. கால் சுற்றுக்கும் குறைவான அசைவே பெரிய வித்தியாசம் தரும். லாக் நட்டை இறுக்கியதும் இன்னொரு தடவை பாருங்கள், இறுக்கும்போதே அட்ஜஸ்டர் நகர்ந்துவிடும். கடைசியில் இரண்டு கேபிளிலும் சிறிதளவு தளர்வு மிச்சமிருக்க வேண்டும். முழுக்கத் திருகினால் இரண்டு ஸ்லைடும் வழியைவிட்டு முழுதாக மேலேறுகிறதா என்றும் பார்த்துவிட்டு, கம்பிகளை எடுத்து, ஃபில்டரை மாட்டிவிடுங்கள்.

எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய் தரும் ஆயில் பம்ப் உள்ள வண்டியா? அதன் கேபிளும் இதே ஆக்சிலரேட்டரோடு இணைந்தது. கைப்பிடிப் பக்கத்து மேல் கேபிளைத் தொட்டிருந்தால் பம்ப்பில் உள்ள குறி பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பம்ப் பிந்தினால் எண்ணெய் குறையும், எஞ்சின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஐடிலிங்கில் கலவைக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பிக்கலாம். ஐடில் ஸ்க்ரூக்கள் ஸ்லைடைத் தொட்டதும் இரண்டையும் சம அளவு திருகி, வண்டியை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் இரண்டு சைலன்சருக்கும் பின்னால், சற்றுத் தள்ளி, உள்ளங்கையைக் காட்டுங்கள். இருபக்கமும் ஒரே மாதிரி தட்ட வேண்டும். பலவீனமான பக்கத்து ஐடில் ஸ்க்ரூவைத் துளி ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடக் கூடாது, இது காற்றால் குளிரும் எஞ்சின்.

ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுக்கத் திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் சாலைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை ஓட்டிப் பாருங்கள். பாம்பன் பாலம் வேண்டாம், பக்கக்காற்று தள்ளும்போது எஞ்சினைக் கவனிக்க முடியாது. திரும்பி வந்து, எஞ்சின் ஆறியபின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே காபிப்பொடி நிறமென்றால் சரி. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தப் பக்கம் பெட்ரோல் போதவில்லை. ஸ்லைடு சமமாகத்தான் எழுகிறதென்றால், அந்தக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டையும் இணைப்பு ரப்பரையும் பார்க்க வேண்டும்.