பழைய மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை அகலத்தில் டயர் போடலாம்?

பழைய வண்டிக்கு டயர் மாற்றப் போகிறவர்களில் பலர் டயரின் தோற்றத்தைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறார்கள். உண்மையில் அதை முடிவு செய்ய வேண்டியது ரிம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கங்களில் அக்கறையோடு காப்பாற்றி ஓட்டப்படும் ஆர்எக்ஸ் 100-களும் பழைய புல்லட்டுகளும் தங்கள் ரிம் தாங்காத அகல டயரோடு ஓடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அந்த வருத்தமே இதை எழுத வைத்தது.

முதலில் உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து எந்த அளவு டயரோடு வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100-க்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. பழைய ஸ்பிளெண்டருக்கு இரண்டு சக்கரத்துக்கும் 2.75-18. பழைய புல்லட் ஸ்டாண்டர்டு 350-க்கு இரண்டிலும் 3.25-19. இதில் முதல் எண் டயரின் அகலம், அடுத்த எண் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். இந்தப் பழைய முறையில் டயரின் பக்கச் சுவர் உயரமும் ஏறக்குறைய அகலத்தின் அளவே இருக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் 80/100-18 போன்ற டயர்களில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலத்தையும், நடு எண் அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பதையும் சொல்கிறது. 2.75-18 போட்டிருந்த ஸ்பிளெண்டருக்கே பிற்காலத்தில் 80/100-18 வந்ததால், அந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம்.

அடுத்து ரிம். சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 1.60 x 18, 1.85 x 18 என்பது போன்ற எண் ரிம்மில் பொறிக்கப்பட்டிருக்கும்; முதல் எண் ரிம்மின் உள் அகலம். சில பழைய ரிம்களில் டபிள்யூஎம் 1, டபிள்யூஎம் 2, டபிள்யூஎம் 3 என்றிருக்கும். அவை முறையே 1.60, 1.85, 2.15 அங்குலங்களைக் குறிப்பவை. எழுத்து அழிந்து போயிருந்தால், டயரைக் கழற்றியபின் அதன் விளிம்பு உட்காரும் இரண்டு உள்சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். ரிம்மின் வெளி விளிம்புகளை அளந்தால் அகலம் கூடுதலாகத் தெரியும்; தவறான டயர் வாங்குவதற்கு இந்த ஒரு பிழையே போதும்.

1.60 ரிம்முக்கு 2.75 அல்லது 80/100 பொருந்தும். 1.85 ரிம்முக்கு 3.00, 3.25, 90/90 வரை போகலாம். 100/90, 110/90 ஆகியவற்றுக்குக் குறைந்தது 2.15 ரிம் வேண்டும். அகல டயர்தான் வேண்டுமென்றால் அதற்கேற்ற ரிம்மை வாங்கி ஸ்போக் கோத்து, பெண்டு எடுத்த (சக்கரத்தின் கோணலை நேராக்கிய) பிறகு போடுங்கள்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். 1.60 என்று பொறித்திருந்த பின் ரிம்மில் 100/90-18 டயரைப் போட்டுக்கொண்டு ஏலகிரிக்கு ஏறினேன். அந்த மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு திடீரென்று ஒரேயடியாகச் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தபோது, டயரின் செயின் பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான கோடு ஓடியிருந்தது; செயின் கவரின் உட்புறம் கறுப்பு ரப்பர் தூள் படிந்திருந்தது. டயர் கவரில் உரசியிருக்கிறது. அகல டயரைக் குறுகிய ரிம் இரு பக்கமிருந்தும் உள்ளே நெருக்கிப் பிடிப்பதால் அதன் நடுப்பகுதி கூம்பிக்கொள்கிறது. கூடுதல் பிடிப்புக்காகக் காசு கொடுத்து வாங்கிய அகலம் சாலையைத் தொடுவதே இல்லை.

ஆகவே ரிம் ஏற்றுக்கொள்ளும் அளவாக இருந்தாலும் இடைவெளியைப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), செயின், பிரேக் ராடு, மட்கார்டு ஆகிய எல்லா இடத்திலும் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். செயினை இறுக்க இறுக்கச் சக்கரம் பின்னுக்கு நகருமென்பதால், அட்ஜஸ்டரின் இரண்டு எல்லையிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, பள்ளத்தில் இறங்குவதுபோல் அழுத்தியும் பாருங்கள்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. கணக்குப்படி 2.75-18 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 597 மி.மீ.; 100/90-18 டயருக்கு 637 மி.மீ. பின் சக்கரம் இவ்வளவு பெரிதானால் 100 சிசி எஞ்சினுக்கு மேட்டில் இழுவை குறையும். முன் சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடும் ஸ்பீடோமீட்டர் உள்ள வண்டியில் முன் டயரைப் பெரிதாக்கினால், முள் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

வாங்கும்போது பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. எம்.ஆர்.எஃப்-இன் டயர் ஆலை பக்கத்து அரக்கோணத்திலேயே இருந்தாலும், கடை அலமாரியில் வருடக்கணக்கில் வெயில் குடித்த டயர் எந்தக் கம்பெனியுடையது ஆனாலும் வேண்டாம். ஸ்போக் ரிம்மில் டியூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே டியூப் அவசியம். அந்த டியூப் புது டயரின் அளவுக்கே இருக்க வேண்டும்.

மாட்டியபின் பக்கச் சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு ரிம்மைச் சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா, அம்புக்குறி வண்டி ஓடும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காற்றை வெயில் ஏறும் முன், காலையில், டயர் சூடாவதற்குள் பிடியுங்கள். முதல் 100 கிலோமீட்டர் வரை வளைவுகளில் அதிகம் சாய்க்காமல் ஓட்டிவிட்டு, செயின் கவரின் உட்புறத்தை மறுபடியும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.